மயில்கழுத்து நிறத்துக்கு ஒரு கேமரா: ஆர்50-ஆ, இசட்வி-இ10-ஆ?

போன ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் புனலூரிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். கையில் நான் கூரியரில் அனுப்பிய ஆரி வேலை பிளவுஸ். உட்காரக்கூட இல்லை. போனைத் திறந்து, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தை பிளவுஸுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "சேச்சி, போட்டோயில் கண்ட நிறம் இதல்லல்லோ" என்றார். அவர் சொன்னது சரிதான். துணி மயில்கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை. கையில் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். என் போனோ அதை ஒரே அடியாகக் கருநீலமாக்கி, போதாக்குறைக்கு மினுமினுப்பும் ஏற்றி வைத்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த பிளவுஸ் இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் பாதிச் சோதனைக்கு அதுதான் மாடல்.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். இப்போது தமிழ்நாட்டில் இருந்தாலும் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம்தான்: ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை. முன்பெல்லாம் ரயிலேறி வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள். இப்போது படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர். ஆகவே படம் பொய் சொன்னால் பழி எனக்கு வருகிறது.

கேமரா வாங்கலாம் என்று முடிவு செய்ததும் அண்ணன் மகனிடம் கேட்டேன். அவன் கல்யாண வீடியோ எடுப்பவர்களோடு அவ்வப்போது போய்வருபவன். "அத்தை, உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டுதான். ஒண்ணு கேனான் ஆர்50, இன்னொண்ணு சோனி இசட்வி-இ10. எதை எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றான். எதை எடுத்தாலும் நல்லாயிருக்கும் என்று துணிக்கடையில் சேல்ஸ்மேன் சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அவனிடமே ஆர்50 இருந்தது. சோனியைத் திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்தோம், மூன்று நாளுக்கு. ஆடி மாதம், சாரல் கொட்டிக்கொண்டிருந்த நேரம்.

இரண்டுமே கண்ணாடி இல்லாத கேமராக்கள். அதாவது பழைய எஸ்எல்ஆர் மாதிரி உள்ளே ஒரு கண்ணாடி மேலே கீழே போய்வராது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் நேராக சென்சாரில், அதாவது படத்தைப் பதியும் சில்லில், விழும், அது பார்ப்பதைத்தான் திரையில் நாமும் பார்ப்போம். இரண்டிலும் ஒரே அளவு சென்சார்தான், ஏபிஎஸ்-சி. இரண்டிலும் 24 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சோனி 2021-இல் வந்தது, கேனான் 2023-இல். கிட் லென்ஸோடு, அதாவது பெட்டியிலேயே கூட வரும் லென்ஸோடு, சேர்த்து இரண்டும் நான் பார்த்தபோது 70,000 ரூபாயை ஒட்டித்தான் நின்றன, பண்டிகைத் தள்ளுபடியில் முன்னே பின்னே ஆகும். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை: பாட்டரியோடு சோனி 343 கிராம், கேனான் 375. காகிதத்தில் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருளை எதை வைத்துப் பிரிப்பது? என் கடையில் இருக்கும் துணியை முன்னால் போட்டுத்தான்.

முதல் நாள் முழுக்க நிறத்துக்கே போனது.

ஒரு கசவு செட்டு சேலை, ஓர் அரக்கு நிறப் பட்டு, ஒரு வாடாமல்லி, ஒரு மாம்பழ மஞ்சள், அப்புறம் நம் மயில்கழுத்து. கடைக்குள் எல்இடி ட்யூப் வெளிச்சத்தில் வைத்து இரண்டிலும் ஆட்டோவில் எடுத்தோம். கசவு இரண்டிலும் அழுக்கு வேட்டி மாதிரி சாம்பலாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, எழுபதாயிரம் கொடுத்து இதுவா என்று. மருமகன் சிரித்தான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடுமாம். வெள்ளைச் சேலையைக் காட்டினால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று குறைத்துவிடும். கறுப்பு வெல்வெட்டைக் காட்டினால் கூட்டிவிடும். அதனால் கசவுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைக்க வேண்டும், வெல்வெட்டுக்கு ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். கூட்டினோம். சேலை வெளுத்தது, ஜரிகைக் கரையும் கரைந்து போகாமல் நின்றது.

அடுத்தது வெள்ளைச் சமன், அதாவது ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் கேனான் கொஞ்சம் சூடான நிறமாகவும், சோனி லேசாகப் பச்சை தட்டியும் காட்டுவதாக எனக்குப் பட்டது. கையால் செட் செய்வோம் என்று ஒரு வெள்ளைத் துணியைக் காட்டச் சொன்னான். வீட்டுக்காரரின் வேட்டியை எடுத்துக் காட்டினேன். எல்லாச் சேலையும் மஞ்சளாகிவிட்டது! கேமராவைத் திட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீணாக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது: வேட்டிக்கு நீலம் போட்டிருக்கிறேன். நீலம் போட்ட வெள்ளையை "இதுதான் வெள்ளை" என்று கேமராவுக்குக் காட்டினால் அது நீலத்தைக் கழிக்கப் போய் மஞ்சளைக் கூட்டுகிறது. துணிக்காரி எனக்கே இது தெரியாமல் போயிற்று. சாம்பல் அட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அதைத்தான் காட்ட வேண்டும். மருமகன் பையில் கிடந்தது. அதை வைத்து செட் செய்ததும் இரண்டு கேமராவும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டன. வாடாமல்லி வாடாமல்லியாக, மஞ்சள் மாம்பழமாக. எந்தப் படம் எதில் எடுத்தது என்று கடைப் பெண்ணிடம் காட்டிக் கேட்டேன், அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

ஒன்று மட்டும் இரண்டிலும் ஒத்துவரவில்லை. அரக்கு. கடை வெளிச்சத்தில் அது காய்ந்த ரத்தம் மாதிரி செத்துப்போய் வந்தது. அது கேமராவின் குற்றமே இல்லை. மலிவான எல்இடி ட்யூபில் சிவப்பு அலை குறைவு. வெளிச்சத்தில் இல்லாத சிவப்பை எந்த கேமராவும் கொண்டுவராது. மேசையை அப்படியே தூக்கி வாசல் திண்ணைக்குக் கொண்டுபோனோம். வடக்கு பார்த்த திண்ணை, மேலே சாரல் மேகம். அரக்கு உயிரோடு எழுந்து உட்கார்ந்தது. மயில்கழுத்துக்கும் அங்கேதான் விடிவு. துணியைத் தட்டையாக விரிக்காமல் ஒரு மடிப்பு மட்டும் எழுப்பி வைத்தால், மடிப்பின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை என்று ஒரே படத்தில் இரண்டும் வருகிறது. இதற்கு எழுபதாயிரம் வேண்டாம். திண்ணை போதும். கேமரா வாங்குவதற்கு முன்னால் திண்ணையில் வைத்து போனிலேயே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்வேன். ஆனால் என் போன் தானாக மினுக்கி, கூர்மையாக்கி, நிறம் ஏற்றுவதை முழுதாக நிறுத்த முடியவில்லை. என் பிரச்சினை அங்கே இருந்தது.

இரண்டாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் சாரல் அடித்ததால் உள்ளேதான் வேலை. ஊசி, மணியெல்லாம் சத்தமில்லாமல் எடுப்போம் என்று ஓசையில்லாத ஷட்டரில் போட்டோம். படத்தில் கட்டில் கயிறு மாதிரி குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. ஒரு வரி வாசிக்கும்போது விளக்கு பிரகாசம், அடுத்ததில் மங்கல். அதுதான் பட்டை. சோனியில் பட்டைகள் அதிகம், அதன் சென்சார் வாசிப்பு மெதுவானது. சாதாரண ஷட்டருக்கு மாற்றி நொடியில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்ததும் இரண்டிலும் சரியாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "பழசை ஏன் வாங்குறீங்க, இசட்வி-இ10-இன் இரண்டாவது பதிப்பு வந்தாச்சே" என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் வந்தது. 26 மெகாபிக்சல், பெரிய பாட்டரி, வீடியோவுக்கு ரொம்ப நல்லது. ஆனால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள், முழுக்க எலக்ட்ரானிக். ட்யூப்லைட் கடைக்குள் நின்று படம் எடுக்கும் என்னைப் போன்றவளுக்கு அது கூடுதல் விலை கொடுத்துத் தலைவலி வாங்குவது.

இனி ஆரி வேலை. எனக்குச் சோறு போடுவது இதுதான், இங்கேதான் இரண்டு கேமராவும் பிரிந்தன.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிளவுஸ் துணி. கழுத்தைச் சுற்றி ஒரு மாங்காய் வரிசை, உள்ளே லோடு ஸ்டிச், ஓரம் கட் பீட்ஸ், நடுவில் ஒரு குந்தன் கல். வாடிக்கையாளர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "கிட்டக்க ஒரு போட்டோ". கிட்டே என்றால் எவ்வளவு கிட்டே? நான் தையல்காரி, எனக்கு இஞ்ச் டேப்தான் தெரியும். டேப்பைத் துணிமேல் விரித்து, ஒவ்வொரு கேமராவும் எவ்வளவு அகலத்தைப் படம் முழுக்க நிரப்புகிறது என்று பார்த்தேன். சோனியின் 16-50 கிட் லென்ஸில் நாலே கால் இஞ்ச். கேனானின் 18-45 கிட் லென்ஸ் ஆட்டோ போகஸில் ஐந்தரை இஞ்ச்சோடு நின்றுவிட்டது, அதற்குக் கிட்டே போனால் போகஸ் பிடிக்க மறுத்தது. மெனுவில் போய் மேனுவல் போகஸுக்கு மாற்றினால் அதே லென்ஸ் இன்னும் கிட்டே வருகிறது, மூன்றரை இஞ்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஆக கிட் லென்ஸ் போட்டியில், கையால் போகஸ் திருகப் பொறுமை உள்ளவர்களுக்குக் கேனான் ஜெயிக்கும். பொத்தானை அமுக்கினால் போதும் என்பவர்களுக்கு சோனி.

ஆனால் மூன்றரை இஞ்ச்சில் மாங்காய் தெரியும், தையல் தெரியாது. லோடு ஸ்டிச்சில் நூல் எத்தனை நெருக்கமாகப் படுத்திருக்கிறது என்று தெரிந்தால்தானே கூலி ஏன் இவ்வளவு என்று புரியும்? அதற்கு மேக்ரோ லென்ஸ் வேண்டும், மிகக் கிட்டே போய்ச் சின்னதைப் பெரிதாக எடுக்கும் லென்ஸ். கேனானில் இந்த விலை வட்டத்தில் கைக்கெட்டுவது 35 எம்எம் எஃப்1.8 மேக்ரோ. அழகான லென்ஸ், கை நடுக்கத்தையும் தாங்கும். ஆனால் பாதி அளவு உருப்பெருக்கம்தான், ஏறக்குறைய ஒன்றே முக்கால் இஞ்ச் அகலம். விலையோ கேமரா விலையில் பாதிக்கு மேல். சோனியில் 30 எம்எம் எஃப்3.5 மேக்ரோ என்று 2011-இலிருந்தே ஒன்று இருக்கிறது. முழு அளவு உருப்பெருக்கம், ஒரு இஞ்ச்சுக்கும் குறைவான இடம் படம் முழுக்க வரும். பழையது என்பதால் செகண்ட் ஹேண்டிலும் சகாயமாகக் கிடைக்கிறது. குறை உண்டு. முழு உருப்பெருக்கத்தில் லென்ஸ் முனைக்கும் துணிக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்காது, லென்ஸின் நிழலே கல்மேல் விழும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கொடுக்கத் தெரிய வேண்டும். ஒரு இஞ்ச் முழுசாக வேண்டாம், ஒன்றரை இஞ்ச் போதும் என்று கொஞ்சம் விலகி நின்றால் தப்பிக்கலாம்.

மருமகன் வாடகைக்காரரிடம் இந்த மேக்ரோவையும் சேர்த்து வாங்கி வந்திருந்தான். குந்தன் கல்லைச் சுற்றியிருக்கும் ஜரிகைச் சுருளை அதில் பார்த்தபோது, ஒரு சுருள் மட்டும் மற்றவற்றைவிட விலகி இருந்தது தெரிந்தது. போட்டது நான்தான். கண்ணுக்குத் தெரியாத தப்பு. பிரித்துப் போட்டேன்.

பிளாஷ் விஷயம் எனக்கு எதிர்பாராதது. எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சி கடையை மூடியபோது பழைய பிளாஷ் ஒன்றையும் குடையையும் எனக்குக் கொடுத்திருந்தார். சோனியின் தலையில் அதைச் செருகினோம், பளிச்சென்று அடித்தது. கேனான் ஆர்50-இல் அது நேராக வேலைக்கு ஆகாது. அதன் தலையில் பிளாஷைச் செருகும் இடம் (ஷூ என்பார்கள்) புது மாதிரி. பழைய வகைக் காலுள்ள பிளாஷுக்கு ஏடி-இ1 என்று தனி அடாப்டர் வாங்க வேண்டும். பெட்டியில் வராது. ஆர்50-இல் உள்ளேயே ஒரு சின்ன பிளாஷ் எழும்பும், சோனியில் அதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சின்ன பிளாஷை நேருக்கு நேர் பட்டில் அடித்தால் துணி ரெக்சின் மாதிரி வரும். எனக்கு அது இருந்தும் இல்லாததும் ஒன்று.

வீடியோவைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், நான் எடுப்பது அரை நிமிட ரீல்ஸ். ஆர்50 4கே 30 பிரேமில் ஓரம் வெட்டாமல் எடுக்கிறது, தெளிவும் கூடுதல். சோனி அதே 30 பிரேமில் ஓரங்களை வெட்டிவிடும். சட்டென்று திருப்பினால் சோனியில் கதவு நிலையெல்லாம் சாய்ந்து நெளியும். இரண்டு உடலிலும் ஆட்டம் அடக்கும் வசதி கிடையாது, லென்ஸில் இருப்பதோடு சரி. சோனியில் பொருள் காட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. முகத்தை விட்டுவிட்டு கையில் நீட்டும் பொருளுக்குப் போகஸ் போகும். கேனானிலும் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வளையலை நீட்டி நீட்டிப் பார்த்தோம், இரண்டும் சளைக்கவில்லை.

மூன்றாவது நாள் வானம் வெளுத்தது. கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன்னால் ஆசைக்கு ஒரு தடவை சுந்தரபாண்டியபுரம் போனோம், சூரியகாந்தி பார்க்க. மைனியும் பிள்ளைகளும் கூட. ஆடியில் அங்கே மலையாளக் குடும்பங்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பகல் பதினொரு மணி வெயில். மருமகன் ஆர்50-ஐக் கண்ணில் வைத்தான், எடுத்தான், வைத்தான், எடுத்தான். நான் சோனியைத் தூக்கினால் திரையில் என் மூக்குத்தி மட்டும் தெரிகிறது. சோனியில் கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, பின்னால் திரை மட்டும்தான். பிரகாசத்தை முழுசாக ஏற்றியும் பூ எங்கே வானம் எங்கே என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அதற்குள் கேமராவையும் வைத்துக்கொண்டு எடுத்தேன். மைனி சிரித்த சிரிப்பில் பக்கத்து வயல்காரர் திரும்பிப் பார்த்தார். வெளியில் சுற்றி, பிள்ளைகளையும் பறவையையும் மலையையும் எடுப்பவர்கள் இந்த இரண்டில் ஆர்50-ஐ வாங்கிவிடுங்கள், மேலே யோசிக்க வேண்டாம். அந்த ஒரு வியூஃபைண்டர் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

திரும்பி வந்து கடைப் பெண்ணிடம் இரண்டையும் கொடுத்தேன். தினமும் இருபது படம் எடுக்கப்போவது அவள்தானே. அவள் பதில் ஒரே நிமிஷத்தில் வந்தது: "அக்கா, இதுதான் போன் மாதிரி இருக்கு." கேனான். மெனுவை விரலால் தொட்டுத் தள்ளினால் போகிறது, படம் போட்டு விளக்குகிறது. சோனியில் திரையைத் தொட்டு போகஸ் வைக்கலாம், அவ்வளவுதான். மெனுவுக்குள் போக வேண்டுமானால் பின்னால் இருக்கும் சக்கரத்தைத்தான் திருக வேண்டும். அந்த மெனுவும் பழைய தாலுகா ஆபீஸ் மாதிரி, எந்த அறைக்குள் எது இருக்கிறது என்று உள்ளே போனால்தான் தெரியும். இன்னொரு எரிச்சல்: சோனி கிட் லென்ஸ் மோட்டாரில் ஓடும் ஜூம். அணைத்தால் உள்ளே சுருங்கிவிடும், திரும்பப் போட்டால் அகலக் கோணத்துக்கே போய் நிற்கும். ஸ்டாண்டில் அளவாக வைத்த பிரேம் போச்சு. கேனானில் வேறு மாதிரி: எடுப்பதற்கு முன் லென்ஸைக் கையால் திருகி வெளியே இழுக்க வேண்டும், மறந்தால் திரையில் ஞாபகப்படுத்தும்.

ஸ்டாண்டில் மாட்டினால் இரண்டிலும் பாட்டரிக் கதவு அடியில் மாட்டிக்கொள்கிறது, கார்டும் அதே கதவுக்குள். ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழற்ற வேண்டும். இதை வடிவமைத்தவர்கள் யாரும் ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்ததே இல்லை போலிருக்கிறது. சோனியை யூஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கில் மாட்டி ஓட்டலாம் என்பதால் நான் பாதிப் பிழைத்தேன்.

இப்போது கணக்கு. மருமகன் கேனான் என்றான், கடைப் பெண் கேனான் என்றாள், சூரியகாந்தி வயலும் கேனான் என்றது. நான் இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு சோனியை வாங்கினேன்.

ஏனென்றால் என் கேமரா கடையைவிட்டு வெளியே போகப்போவதில்லை. ஸ்டாண்டில் நிற்கும், கீழே சட்டம், பக்கத்தில் விளக்கு. நொடியில் நூறில் ஒரு பங்கு, எஃப்8, சாம்பல் அட்டையில் வைத்த நிறம். ஒரு தடவை செட் செய்துவிட்டால் மெனுவுக்குள் யாரும் போக வேண்டியதே இல்லை, அவள் பொத்தானை அமுக்கினால் போதும். ஸ்டாண்டில் நிற்பதற்கு வியூஃபைண்டர் எதற்கு? மேக்ரோவில் ஜூமே கிடையாது, அதனால் சுருங்கும் தொல்லையும் இல்லை. அண்ணாச்சியின் பிளாஷ் சும்மா கிடக்காமல் வேலைக்கு வந்தது. கேனான் பக்கம் லென்ஸ் இல்லை என்ற குறையை 2024-இலிருந்து சிக்மாவும் டாம்ரானும் ஓரளவு தீர்த்துவருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எனக்கு வேண்டிய முழு உருப்பெருக்க மேக்ரோ என் காசுக்கு சோனியில்தான் இருந்தது. நான் வாங்கியது லென்ஸை. கேமரா அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

உடலை ஜிஎஸ்டி பில்லோடு புதிதாக வாங்கினேன். மேக்ரோவை மதுரையில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக எடுத்தேன். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கிறவர்கள் போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். முதலில் காட்டிய லென்ஸில் அப்படித்தான் இருந்தது, "அது படத்துல தெரியாதும்மா" என்றார் விற்க வந்தவர். எங்கள் ஊர்ச் சாரலில் செருப்பே பூத்துப் போகும், லென்ஸ் எம்மாத்திரம். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போட்டுவிடலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்க வேண்டாம்.

வாங்கி வந்த பிறகு தெரிந்த ஒரு குறையையும் சொல்கிறேன். நெருக்கமான சின்னக் கட்டம் போட்ட துணியில் சில தூரத்தில் அலை அலையாகப் பொய் டிசைன் விழுகிறது. சென்சாரின் புள்ளி வரிசையும் துணியின் இழை வரிசையும் ஒன்றோடொன்று முட்டுவதால் வருவது, எந்த கேமராவிலும் வரும். கேமராவை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினாலோ துணியைச் சற்றுச் சாய்த்தாலோ போய்விடும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அமுக்கிவிடுகிறது, டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினாலும் வாங்குபவரின் போன் திரை அதன் இஷ்டத்துக்கு நிறம் காட்டும். அதற்கு நான் இப்போது படத்தோடு ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன்: "பாவு நீலம், ஊடை பச்சை, வெளிச்சத்தில் மாறும்." மலையாளத்தில் எழுதித் தர தென்மலை வாடிக்கையாளர் ஒருவர் உதவினார்.

வெயில் பிரச்சினைக்கும் ஒரு வழி செய்தேன். கறுப்பு லைனிங் துணி கடையில் எப்போதும் மிச்சம் கிடக்கும். மூன்று இஞ்ச் திரைக்கு அளவெடுத்து, ஒரு பக்கம் எலாஸ்டிக் கொடுத்து, முகம் நுழைகிற அளவுக்கு மறுபக்கம் அகலமாக விட்டு ஒரு முக்காடு தைத்துவிட்டேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "அசையாதீங்க" என்பார்களே, அதே மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை திருவிதாங்கூர் காலத்து நுழைவு வளைவுக்கு முன்னால் நின்று வெயிலில் போட்டுப் பார்த்தேன், தெளிவாகத் தெரிகிறது. மருமகன் அந்தக் கோலத்தில் என்னைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அவன் கேமராவுக்கும் ஒன்று தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவனுக்குத்தான் வியூஃபைண்டர் இருக்கிறதே.